பழைய காரும் அதன் சத்தங்களும்: ராமநாதபுரம் கடற்கரையில் நெடுநாள் ஓட்டிய அனுபவம்

என்னுடையது 2007 மாடல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவது) வைத்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனிப் பெயர் வேண்டாம். இங்கே சொல்லப்போவது அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியதல்ல. வீடு உச்சிப்புளியில், வேலை மண்டபத்தில். விருந்தாளி வந்தால் ராமேஸ்வரம், தனுஷ்கோடி. சொந்தபந்தம் பார்க்க கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. வண்டி நிற்பதும் ஓடுவதும் உப்புக்காற்றில்தான். இத்தனை வருடத்தில் பானெட்டுக்குள்ளிருந்து வராத சத்தமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எஞ்சினுக்குள்ளிருந்து வந்தவை அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம், எஞ்சின் சத்தம் என்று வாயெடுத்ததுமே எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றச் சொல்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பிஸ்டன் எல்லாம் ஆயிலில் ஊறிக்கிடப்பவை. ஆயிலை நேரத்துக்கு மாற்றிவந்தால் உப்புக்காற்று அவற்றைத் தொடாது. வெளியே மாட்டியிருக்கும் டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்வது), வாட்டர் பாடி (ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்), பெல்ட் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), மேனிஃபோல்ட் ஸ்டட் (புகைக்குழாயை எஞ்சினோடு பிடிக்கும் போல்ட்), சைலன்சர் தகடு ஆகியவற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. கடலோரத்தில் இவைதான் முதலில் போகின்றன. போகும்போது எஞ்சினே போகிற மாதிரி கத்திக்கொண்டு போகின்றன.

வாங்கிய புதிதில் ஒரு சத்தம். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, ஒன்றும் இருக்காது. ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியதுபோல கரகரவென்று வரும். இன்னும் கொடுத்தால் நின்றுவிடும். வெளியூரில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினேன். பேரிங் தேய்ந்திருக்கும், எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம்.

அப்புறம் கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். "பாய், எஞ்சினை இறக்கணுமா?" என்றேன். "இருங்க தம்பி, முதல்ல சத்தத்தைக் கேப்போம். ரேஸ் பண்ணுங்க... இன்னும் கொஞ்சம்... அங்கேயே பிடிங்க" என்றார். சத்தம் வந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியை, மேனிஃபோல்டின் மேல் மூடியிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டில் வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. மறுபடி அழுத்தினார், நின்றது. தகட்டைப் பிடித்திருந்த போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் போல்ட்டைச் சுற்றித் தகடு துருவேறி உதிர்ந்து, ஓட்டை போல்ட் தலையைவிடப் பெரிதாகியிருந்தது. தகடு எதிலும் பிடிப்பில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. அகலமான வாஷர் இரண்டு வைத்து முறுக்கினார், டீக்காசு வாங்கினார், முடிந்தது.

ஒரே ஒரு வேகத்தில் மட்டும் வந்து, தாண்டினால் மறையும் கரகரப்பு பெரும்பாலும் ஒரு தகடோ பிராக்கெட்டோ அந்த அதிர்வுக்கு ஆடுவதுதான். தேய்ந்த கிராங்க் பேரிங் வேறு மாதிரி. லோடு ஏறும்போதும், ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்கும்போதும், கீழேயிருந்து கனமாகத் தட்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது தாளம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஐடிலிங் 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 கிராங்க் சுற்று) என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறைதான் திறந்து மூடும். அதாவது வினாடிக்கு ஏழு தட்டுக்கும் குறைவு. கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும் தட்டு என்றால் வினாடிக்குப் பதின்மூன்று. நேரில் கேட்கும்போது எண்ண முடியாது. போனில் பதிவு செய்து வேகத்தைக் குறைத்து ஓடவிட்டால் எண்ணிவிடலாம். மெதுவான தாளத்தில் மேலேயிருந்து டிக்டிக் என்று வந்தால் டப்பெட் (கேமிலிருந்து வால்வைத் தள்ளும் பாகம்) பக்கம். வேகமான தாளத்தில் கீழேயிருந்து டொக்டொக் என்று வந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது.

டப்பெட் விஷயத்தில் ஒன்று. ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து டப்பெட் இடைவெளி பார்க்கும் எஞ்சின்களில், சத்தமே வரக்கூடாது என்று இறுக்கி வைப்பவர்கள் உண்டு. இடைவெளி கூடினால் சத்தம் வரும். குறைந்தால் சத்தம் வராது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல் சூட்டில் கருகும். மேனுவலில் இருக்கும் அளவே போதும். கொஞ்சம் டிக்டிக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக் என்று வந்து, வண்டி சூடானதும் மறைகிறதா? இது கொஞ்சம் ஏமாற்றுகிற சத்தம். ஆயில் மேலே ஏறும்வரை வரும் டப்பெட் சத்தமாக இருக்கலாம்; அது சில நொடியில் போய்விடும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிப்பதாக இருக்கலாம். அது சற்று மந்தமான தட்டு, சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் குறையும். மூன்றாவது, கடலோர வண்டிகளில் பலர் சந்தேகிக்காதது, மேனிஃபோல்ட் பேக்கிங் ஓட்டை. குளிர்ந்த இரும்பில் இருக்கும் சின்ன இடைவெளி வழியாகப் புகை அடித்துக்கொண்டு வெளியேறும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைத்துக்கொள்ளும். கேட்க அச்சு அசல் டப்பெட்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் மேனிஃபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும். என் வண்டியில் உப்பு அரித்து ஒரு ஸ்டட் ஒடிந்தே போயிருந்தது. ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது பொறுமை வேண்டிய வேலை. அவசரப்பட்டுத் துளைத்தால் ஹெட் பாழ்.

டைனமோவைச் சுற்றும் வெளிப் பெல்ட் (டைமிங் பெல்ட் அல்ல) கீச்சிடுவதற்கு மணலும் ஒரு காரணம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு எல்லோரும் காரிலேயே முனை வரை போகிறோம். ஆடி மாதக் காற்றில் அந்தச் சாலையில் மணல் குறுக்கே ஓடும், வண்டியின் அடியில் புகுந்து பெல்ட்டின் பள்ளங்களில் உட்காரும். திரும்பி வந்த மறுநாள் கிச்கிச் என்று குருவி மாதிரிச் சத்தம். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் சற்று நேரம் அடங்கினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை, அல்லது பெல்ட்டில் அழுக்கு. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தொய்வு, வழுக்குகிறது. பெல்ட்டில் தடவ வாக்ஸ், ஸ்ப்ரே என்று விற்பதை நான் வாங்குவதில்லை. அது மணலை இன்னும் ஒட்டவைக்கும்.

இந்த வண்டி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது வாட்டர் பாடியில். முதலில் ஒரு மெல்லிய உறுமல். ஆக்சிலேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கும், ஏசி போட்டாலும் அணைத்தாலும் மாறாது. வெளியே கேட்டவர்கள் டைனமோ என்றார்கள், ஒருவர் டைமிங் என்றார். பாய் வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சில நொடிகள் ஓடவிட்டார். சத்தம் இல்லை. ஆக, பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்று. (பெல்ட் இல்லாமல் அதிக நேரம் ஓட்டக்கூடாது; என் வண்டியில் வாட்டர் பாடியும் அந்தப் பெல்ட்டிலேயே ஓடுவதால் தண்ணீர் சுற்றாது. வாட்டர் பாடியை டைமிங் பெல்ட் சுற்றும் வண்டிகளில் இந்தச் சோதனை அதைக் காட்டியும் கொடுக்காது.) பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினார். டைனமோ வழுக்கிக்கொண்டு சுற்றியது. வாட்டர் பாடி புல்லியில் என்னைக் கை வைக்கச் சொன்னார். சுற்றும்போது விரல்களுக்குள் நறநறவென்று இருந்தது, மேலும் கீழும் அசைத்தால் ஆடியது. அடியில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு; உள்ளே சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் தங்காமல் அதன் வழியாக வெளியே வரும். அதிலிருந்து கீழே ஒரு தாரை, நடுவில் துரு நிறம், ஓரத்தில் வெள்ளை உப்பு.

கழற்றியபோது காரணம் தெரிந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார். நம் கடலோரத்துப் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. காவிரித் தண்ணீர் வருகிற நாளைப் பார்த்துத்தான் வீடுகளில் குடம் நிரப்புகிறோம். அந்த உப்பு நீர் அலுமினியத்தைத் தின்று, படிந்த உப்பு சீலை அறுத்து, சீல் போனதும் பேரிங்குக்குள் தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத தெர்மோஸ்டாட் வால்வையும் யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள். சூடான ஊரில் அது எதற்கு என்று ஒரு நம்பிக்கை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் பெட்ரோலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். புது வாட்டர் பாடி, தெர்மோஸ்டாட், உள்ளே முழுக்கக் கழுவல், கூலன்ட். அவசரத்துக்கு ஊற்ற பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில் எப்போதும் இருக்கிறது. அதன் பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமில்லை.

லோடு ஏறும்போது வரும் சத்தத்தைச் சோதிக்க மலைச்சாலைக்குப் போகச் சொல்வார்கள். நமக்கு மலை எங்கே இருக்கிறது? மேடு என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பக்கத்தில் இருப்பது 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம்தான். அடியில் படகுகள் போகவேண்டி நடுவில் உயர்த்திக் கட்டியது. நான்கு பேரோடு, ஏசி ஓட, டாப் கியரில் ஏறினால் என் வண்டி சலங்கை குலுங்குவதுபோல் கிணுகிணுக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவை நேரம் தப்பி வெடிப்பதால் வரும் சத்தம் அது. கியரைக் குறைத்ததும் போய்விடும். போகாவிட்டால் கரி படிந்திருக்கிறதா, பிளக் சரியான ரகமா, இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் மேல் பழி போடுவதைக் கேட்கிறேன். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும் பொருள், இந்தச் சத்தத்துக்கு அதைக் குறைசொல்ல முடியாது. பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பது வேறு கதை. இன்னொன்று, பாலத்தில் ஜன்னலை இறக்கிக் கேட்காதீர்கள், காற்றைத் தவிர எதுவும் கேட்காது. சத்தம் கேட்க ஊருக்குள் நீளமான காம்பவுண்டுச் சுவர் பக்கமாக மெதுவாக ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பிவரும்.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் சில நூறு ரூபாய்தான், கொடுத்த காசுக்கு உழைத்துவிட்டது. இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை டைனமோ உடம்பில் வைத்துப் பிடியைக் காதோரம் வைத்தாலும் போதும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனியாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓட ஆரம்பிக்கும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர் இந்த வேலைக்கு வீண். நண்பரின் ஸ்கேனர் என் வண்டியோடு கனெக்ட் ஆகவே மறுத்தது. ஆகியிருந்தாலும் தேய்ந்த பேரிங்குக்கு அதில் பழுதுக் குறியீடு வராது. ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் எந்தக் கருவியும் தேவையில்லை. இருக்கிற இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று. நியூட்ரலில் நிற்கும்போது ஒன்றுமில்லை, கிளட்ச்சை மிதித்தால் மட்டும் உய்ங் என்று வருகிறது. காலை எடுத்தால் போய்விடுகிறது. கிளட்ச் ரிலீஸ் பேரிங். இதுவே தலைகீழாக, மிதித்தால் அடங்கி விட்டால் வந்திருந்தால் கியர்பாக்ஸ் பேரிங் என்று கவலைப்பட்டிருப்பேன். எப்படியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச் பிளேட்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று பாயிடம் சொல்லியிருக்கிறேன். "அதுவரைக்கும் சிக்னல்ல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க, நியூட்ரல் போட்டுருங்க" என்றிருக்கிறார்.