“பெண்களுக்கு ஏற்றது” என்று நீட்டப்படும் சிறிய ரிவால்வர்: முதல் கைத்துப்பாக்கி வாங்குவோர் கவனத்திற்கு

டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸுக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றில் கிரீன் கார்டு பெற்று வசித்து வருகிறேன். கணவர் வேலை நிமித்தமாக அடிக்கடி வெளியூர் செல்வதால், வீட்டுப் பாதுகாப்புக்கென ஒரு கைத்துப்பாக்கி வாங்க முடிவு செய்து, வீட்டுக்கு அருகிலிருந்த கடைக்குச் சென்றேன். எனக்குச் சற்றும் பொருந்தாத துப்பாக்கியை அங்கே என் தலையில் கட்டினார்கள். அதுவும் முன்பே ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி. எனக்கு அது புதியது என்ற பெயரில் விற்கப்பட்டது. விவகாரம் இன்னும் தீராததால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இதே பேச்சை வேறு கடைகளிலும் கேட்டதாகத் தோழிகள் சொல்வதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை என்றும், வீட்டில் வைத்திருக்கத்தான் வேண்டும், உடன் எடுத்துச் செல்லும் எண்ணமில்லை என்றும் விற்பனையாளரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் என் கையின் அளவையோ பிடியின் வலுவையோ பார்க்காமல், கண்ணாடிப் பேழையிலிருந்து .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டாக்கள் ஐந்து கொள்ளும் ரிவால்வர் ஒன்றை எடுத்து நீட்டி, “இது பெண்களுக்கென்றே செய்தது, எடையே தெரியாது, கைப்பையில் அடங்கிவிடும்” என்றார். கடையின் பின்புறமே சுடுதளம் இருந்தும், சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இந்த மாடல் வாடகைக்குத் தரும் பட்டியலில் இல்லை என்று நழுவினார். விற்ற துப்பாக்கி திரும்பப் பெறப்படாது என்பதை அவர் வாய் திறந்து சொல்லவே இல்லை. அது ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

எடையே தெரியாது என்று அவர் பெருமையாகச் சொன்னதுதான் இந்த வகைத் துப்பாக்கியின் பெரிய தொல்லை. அலுமினியக் கலவையில் செய்யப்பட்ட இத்தகைய ரிவால்வர் ஏறத்தாழ 415 கிராம்தான் இருக்கும். ஒரே வகைத் தோட்டாவாகவே இருந்தாலும், துப்பாக்கி இலேசாக இருக்கும் அளவுக்கு அதன் பின்னுதைப்பு கையில் கடுமையாக இறங்கும். குழலின் நீளம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால் குறி பார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரமும் குறைவு. குறி மயிரிழை விலகினாலும் தோட்டா வெகுதூரம் தள்ளிப் போய் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, விசையை ஒருமுறை இழுப்பதிலேயே, தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தி பின்னே செல்லவும், தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழலவும் வேண்டியிருப்பதால் அதற்கு ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசை தேவைப்படுகிறது. அரைக் கிலோகூட இல்லாத பொருளை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான இழுவிசையை ஆள்காட்டி விரலால் தருவதென்பது பழகிய கைகளுக்கே சோதனை. ஏழு கஜ தூரத்தில் தொங்கவிட்ட தாளில் நான் சுட்டவற்றில் பாதி தாளையே தொடவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை கன்றிப் போனதால் வாங்கிய பெட்டித் தோட்டாக்களை முடிக்காமலேயே திரும்பினேன்.

பிறகு வேறொரு சுடுதளத்தில் பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டியபோது, இது பல ஆண்டுகள் பழகியவர்கள் சட்டைப் பையில் மறைத்து எடுத்துச் செல்வதற்கான துப்பாக்கி என்றும், சுடக் கற்றுக்கொள்ள வருபவர் கையில் இதைக் கொடுப்பது நியாயமில்லை என்றும் சொன்னார். அவர் வாடகைக்கு எடுத்துத் தந்த க்ளாக் 19 பிஸ்டல், காலி மேகசினுடன் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) ஏறத்தாழ 670 கிராம் எடையும் 102 மில்லிமீட்டர் குழலும் உடையது. விசையின் இழுவிசை இரண்டரைக் கிலோ அளவுதான், 15 தோட்டாக்கள் கொள்ளும். அன்றே என் தோட்டாக்கள் தாளுக்குள் விழத் தொடங்கின. எல்லோரும் அதையே வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பிஸ்டலின் மேற்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்கச் சிலருக்குக் கைவலு போதாது. அவர்களுக்காக எளிதில் இழுபடும் ஸ்லைடுடன் தனி மாடல்களே வருகின்றன. பழையதாக வாங்கினால் மட்டும் தயாரிப்பாளரின் பாதுகாப்பு அறிவிப்புகளில் வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய மாடல்களில் ஒன்றான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 9 ஷீல்ட் ஈஸியில், 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரானவற்றின் சுத்தி குறித்து அந்நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது.

என் ரிவால்வர் புதியதல்ல என்பதைக் கண்டுபிடித்தவரும் அந்தப் பயிற்சியாளர்தான். உருளையைத் திறந்து, அதன் முகப்பில் படிந்திருந்த கரியைக் காட்டினார்; தொழிற்சாலையிலேயே சுட்டுச் சோதித்து அனுப்புவார்கள் என்பதால் கரியை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அவரே சேர்த்துச் சொன்னார். ஆனால் பக்கத் தகட்டின் திருகுகளில் ஒன்றன் பள்ளம், பொருந்தாத திருப்புளியால் யாரோ திருகியதுபோல் சிதைந்திருந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலுள்ள வரிசை எண்ணோ, துப்பாக்கியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. கடைக்குச் சென்று கேட்டபோது முதலில் மழுப்பிய மேலாளர், பிறகு, “ஒருவர் வாங்கிச் சென்று சுடாமலேயே திருப்பித் தந்தார், ஆகவே புதியதுதான்” என்றார். விற்றதைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதில் அச்சிட்டிருக்கும் கடை அந்த ஒருவரிடம் மட்டும் எப்படித் திரும்பப் பெற்றது என்பதற்கு இன்றுவரை விளக்கமில்லை.

நம்மவர்கள் இன்னொன்றையும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று என்னுடன் வந்திருந்த தோழி எச்-4 விசாவில் இருப்பவர். தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதும், “இவர் பெயரில் வாங்கிக்கொள்ளுங்களேன்” என்று என்னைக் காட்டினார் அந்த விற்பனையாளர். எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையான வாங்குநர் நாமே என்று கையெழுத்திட்டுவிட்டு வேறொருவருக்காக வாங்குவது தனிக் குற்றம். 2022-இல் வந்த சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளவருக்காக அவ்வாறு வாங்கினால் 15 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். கிரீன் கார்டில் இருப்பவருக்கு அதன்பின் குடியுரிமை எங்கே, இருக்க இடம்தான் எங்கே? அதை அத்தனை இலேசாகச் சொன்ன மனிதரிடமிருந்து அன்றே எழுந்து வந்திருக்கலாம் என்று தோழி இப்போதும் சொல்கிறார்.

பாதி விலைக்கு ஈடாக வேறு துப்பாக்கி எடுத்துக்கொள்ளுமாறு கடை முன்வந்தது, நான் ஏற்கவில்லை. பயன்படுத்திய பொருளைப் புதியது என்று கூறி விற்பதை டெக்சாஸ் மாநிலத்தின் ஏமாற்று வணிகச் சட்டம் பெயர் சொல்லியே தடை செய்கிறது. என் ரசீதில் வரிசை எண்ணும், நிலை என்ற கட்டத்தில் “புதியது” என்ற சொல்லும் இருப்பதால்தான் என் புகார் வலுவாக நிற்கிறது. உங்கள் ரசீதில் இவ்விரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரும் முன் 60 நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பதால், ரசீது, பெட்டிச் சீட்டு, திருகின் படம் ஆகியவற்றின் நகல்களுடன் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கெடு முடிந்தும் பணம் வராவிட்டால், 20,000 டாலர் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்கறிஞர் இல்லாமல் நானே மனுத் தாக்கல் செய்யப் போகிறேன்.