ராஸ்பெரி பை 4: கிராஃபிக்ஸ் நினைவகம் கற்க நான் வாங்கிய பலகை

பதினோரு ஆண்டுகளாகத் திரைகளுக்குக் கெர்னல் டிரைவர் (இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதிப் பிழைக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் கிராஃபிக்ஸ் நினைவகம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்புதான். முன்பெல்லாம் சுவரில் கட்டம் கட்டமாக வரைந்து விளக்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நின்றிருக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 4 ஜிபி ராஸ்பெரி பை 4 என்ற கையளவு ஒற்றைப் பலகைக் கணினி ஒன்றை வாங்கி வகுப்பு மேசையில் வைத்தேன். அதன்பிறகு நான் வரைவது பாதியாகக் குறைந்துவிட்டது.

படம் பார்க்க, விளையாட, வீட்டில் கோப்பு சேமிக்க இந்தப் பலகை எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு பஃபர் (படத்தைத் தாங்கும் நினைவகத் துண்டு) பிறப்பதிலிருந்து அது திரையில் தெரிந்து விடுவிக்கப்படுவது வரை கெர்னல் என்னவெல்லாம் செய்கிறது என்பதை இதில் கண்கூடாகப் பார்க்க முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. முடிகிறது. இந்த விலையில் இவ்வளவு தெளிவாக வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

இந்தப் பலகையில் கிராஃபிக்ஸ் வேலை இரண்டு கைகளில் இருக்கிறது. முப்பரிமாணம் வரையும் பகுதி ஒன்று. அதற்கு வி3டி என்ற டிரைவர். வரைந்ததைத் திரைக்கு அனுப்பும் பகுதி இன்னொன்று. அதற்கு விசி4 என்ற டிரைவர். இரண்டுக்கும் நினைவகத்தில் வெவ்வேறு தேவை. நினைவகத்தைப் பக்கம் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கையாள்வார்கள். சிதறிக் கிடக்கும் பக்கங்களைத் தேடித் தரும் பக்க அட்டவணை திரைப் பகுதிக்குக் கிடையாது. கல்யாணப் பந்தியில் எங்கள் வீட்டார் அத்தனை பேருக்கும் ஒரே வரிசையில் இலை போட்டால்தான் உட்காருவோம் என்று நிற்கும் சம்பந்தி வீட்டாரைப் போன்றது அது. பௌதிக நினைவகத்தில் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இடம் வேண்டும். வரையும் பகுதியோ எங்கே இலை கிடந்தாலும் உட்கார்ந்துவிடும். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டும் கையில் இருந்தால் போதும்.

தொடர்ச்சியான இடத்துக்காகக் கெர்னல் தொடக்கத்திலேயே சிஎம்ஏ என்ற பகுதியை ஒதுக்கி வைக்கிறது. அதன் மொத்த அளவும் மீதி அளவும் நினைவக நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் இரண்டு வரிகளாக இருக்கும். வகுப்பில் முதல் பாடமே அந்த இரண்டு வரிகள்தான். 1920×1080 திரைக்கு ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 82,94,400 பைட், ஏறக்குறைய 8 எம்பி. 4கே திரைக்கு அதைப்போல் நான்கு மடங்கு. ஒன்று திரையில், ஒன்று காத்திருப்பில், ஒன்று வரைவதற்கு என்று மூன்று பஃபர் வைத்தால் 95 எம்பி போய்விடும். இந்தப் பலகையில் திரை செருகும் துளைகள் இரண்டு. இரண்டாவது 4கே திரையையும் மாட்டச் சொல்லிவிட்டு, மீதி அளவு இறங்குவதைப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்வேன். இடம் போதாவிட்டால் தொடக்கக் கோப்பில் ஒரு வரியை மாற்றி சிஎம்ஏவைப் பெரிதாக்கலாம். சும்மா கிடக்கும் சிஎம்ஏ இடத்தில், வேண்டும்போது நகர்த்தக்கூடிய பக்கங்களைக் கெர்னல் வைத்துக்கொள்ளும். அவற்றில் ஒரே ஒரு பக்கம் யாராவது பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாலும், அதைத் தாண்டித் தொடர்ச்சியான இடம் கிடைக்காது. இப்படி அங்கங்கே சில பக்கங்கள் நின்றுவிட்டால், மீதி 200 எம்பி என்று காட்டும்போதே 32 எம்பி கேட்டு மறுக்கப்படலாம். இதைப் புரிந்துகொள்ளாமல் நாள் கணக்கில் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

வரையும் பகுதியின் பக்க அட்டவணை எனக்கு மிகவும் பிடித்த பாடம். 4 ஜிபி முகவரி வெளி, 4 கேபி பக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் பதிவு. பெருக்கிப் பார்த்தால் அட்டவணை மட்டுமே 4 எம்பி. ஒரே அடுக்கு அட்டவணை என்பதால் அந்த 4 எம்பியும் தொடர்ச்சியாக இருக்கவேண்டும். நிரலுக்கு ஒன்று வீதம் இப்படி ஒதுக்கிக்கொண்டிருக்க முடியாது. மாற்றி மாற்றிப் பொருத்துவதற்கும் நேரம் ஆகும். அதனால் எல்லா நிரல்களின் பஃபர்களையும் ஒரே அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். இது ஒரு பெரிய சமரசம். ஒரு நிரலின் ஷேடர் (வரையும் பகுதியில் ஓடும் சிறு நிரல்) இன்னொரு நிரலின் பஃபரை எட்டிப் பார்ப்பதை இந்த அட்டவணை தடுக்காது. 128 கேபி கூறுகளாகப் பிரித்துத் தடுக்கும் வசதி சில்லிலேயே இருக்கிறது. அதை இன்னும் செயல்படுத்தவில்லை என்று டிரைவரின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குறையை மறைக்காமல் மூலநிரலில் எழுதி வைக்கும் அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒருவரையொருவர் நம்பாத பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியாக இந்தப் பலகையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வரைவது ஒரு டிரைவர், காட்டுவது இன்னொரு டிரைவர் என்பதால் பஃபரைப் பகிர்ந்தே ஆகவேண்டும். பெரிய ஜிபியு அட்டைகளில் இரண்டும் ஒரே டிரைவருக்குள் முடிந்துவிடுவதால் இந்தப் பகிர்வு கண்ணில் படுவதில்லை. இங்கே மறைக்க வழியில்லை. திரைக்குப் போகவேண்டிய பஃபரை விசி4 சிஎம்ஏவிலிருந்து எடுத்துக் கொடுக்கும். டிஎம்ஏ-பஃப் என்ற வழியாக அது ஒரு கோப்பு எண்ணாக மாறி வி3டியிடம் போகும். வி3டி அதைத் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டு வரையும். வரைந்து முடித்ததற்கான அடையாளம் பஃபரோடு ஒட்டியே இருப்பதால், அது வரும்வரை விசி4 காத்திருந்து அதன்பின் திரையை மாற்றும்.

இந்தப் பகிர்வில் நானே ஒருமுறை வழுக்கினேன். கேமராவிலிருந்து வரும் பஃபரைத் திரையில் காட்ட ஒரு நிரல் எழுதியிருந்தேன். அதன் இரண்டு பகுதிகள் ஒரே பஃபரைத் தனித்தனியாக உள்ளே கொண்டுவந்தன. ஒரே பஃபரை இரண்டாவது முறை கேட்டால் கெர்னல் புது ஹேண்டில் (பஃபரைக் குறிக்கும் எண்) கொடுக்காது; முன்பு கொடுத்த அதே எண்ணைத்தான் கொடுக்கும். இரண்டு பகுதிகளின் கையிலும் 7 என்ற எண். முதல் பகுதி வேலை முடிந்ததும் 7-ஐ மூடிவிட்டது. எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கு ஹேண்டிலுக்குக் கிடையாது. ஒருமுறை மூடினால் மூடியதுதான். அடுத்த நொடி இரண்டாவது பகுதி 7-ஐ எடுத்துக்கொண்டு போனது. அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. சில நேரம் மட்டுமே நடந்ததால் இரண்டு நாள் தேடினேன். டிஎம்ஏ-பஃப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பஃபரோடும் எத்தனை சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று பார்த்தபோதுதான் விளங்கியது. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் சுழியம் இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று நிரலுக்குள்ளேயே கணக்கு வைத்தேன், சரியாகிவிட்டது. இப்போது பிள்ளைகளுக்கு இந்தப் பிழையை வேண்டுமென்றே வைத்து ஒரு பயிற்சியாகக் கொடுக்கிறேன்.

முடிந்தால் பழைய ராஸ்பெரி பை 3 ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கிராஃபிக்ஸ் பகுதியின் பெயர் வீடியோகோர் IV. அங்கே வரைவதையும் காட்டுவதையும் விசி4 டிரைவரே செய்கிறது. வரையும் பகுதிக்குப் பக்க அட்டவணையே இல்லை. ஷேடர் தவறான முகவரி கொடுத்தால் நினைவகத்தின் எந்த மூலையையும் தொட்டுவிடும். வன்பொருள் தராத பாதுகாப்பை விசி4 டிரைவர் தானே கட்டியிருக்கிறது. வரும் ஒவ்வொரு ஷேடரையும் கட்டளை கட்டளையாகப் படித்துப் பார்க்கிறது. முகவரியை நேராகக் கணக்கிட்டு நினைவகத்தைப் படிக்கும் ஷேடர் என்றால், அந்தக் கணக்கு கீழேயும் மேலேயும் எல்லை கட்டப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறது, இல்லாவிட்டால் நிராகரித்துவிடுகிறது. ஒப்புதல் கொடுத்த ஷேடரைப் பிறகு யாரும் எழுதி மாற்றவோ வெளியே பகிரவோ அனுமதிப்பதில்லை.

அதே டிரைவரில் 16 எம்பி பஃபர் ஒன்றை ஒதுக்கும் இடத்தைக் கட்டாயம் படியுங்கள். வன்பொருளின் குறையால் அந்தப் பஃபர் 256 எம்பி எல்லை எதையும் தாண்டிக் கிடக்கக்கூடாது. ஆனால் நினைவகம் கொடுப்பவரிடம் அப்படிக் கேட்டு வாங்க வழியில்லை. அதனால் வாங்கிப் பார்க்கிறது. எல்லையைத் தாண்டியிருந்தால் இன்னொன்று வாங்குகிறது. சேராத துண்டை உடனே திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறையும் அதுவேதான் கைக்கு வரும் என்பதால், பொருந்தும் துண்டு கிடைக்கும்வரை சேராதவற்றை இடுக்கிக்கொண்டு நின்று, கடைசியில் மொத்தமாக விடுவிக்கிறது. பத்திருபது வரிதான். இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

விசி4, வி3டி இரண்டையும் தொடங்கி எழுதியவர் எரிக் அன்ஹோல்ட். 2008-இல் இன்டெலில் கீத் பேக்கார்டுடன் சேர்ந்து ஜெம் என்ற பஃபர் மேலாண்மை முறையை உருவாக்கியவரும் அவரே. வி3டி 2018-இல் லினக்ஸ் 4.18-இல் சேர்ந்தது, பலகை விற்பனைக்கு வந்தது 2019 ஜூனில். பொருள் கடைக்கு வருமுன்பே டிரைவர் முதன்மைக் கெர்னலில் இருப்பது அரிது, இந்தப் பலகைக்கான ஆதரவு மட்டும் அங்கே பின்னரே சேர்ந்தது. வாங்குபவருக்கு இதன் பயன் பெரிது: மூடிய பைனரி எதையும் கெர்னலில் ஏற்றாமல் ஒவ்வொரு வரியையும் படித்துப் பின்தொடரலாம்.

குறைகளும் உண்டு. வீடியோகோர் IV-க்கான கையேட்டை பிராட்காம் 2014-இல் வெளியிட்டது. இந்தப் பலகையிலுள்ள வீடியோகோர் VI-க்கு அப்படி ஒன்று பொதுவில் இல்லை. பதிவேடுகளின் (சில்லைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்கள்) பொருளை டிரைவரைப் படித்தே ஊகிக்கவேண்டியிருக்கிறது. கெர்னலைப் பலகையிலேயே தொகுக்க முயலாதீர்கள். மடிக்கணினியில் தொகுத்து நினைவக அட்டையில் எழுதுங்கள். வெப்பம் 80 டிகிரியைத் தொட்டால் பலகை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே சிறு விசிறியோ உலோகப் பெட்டியோ வேண்டும். 2023-இல் வந்த பை 5 வேகமானது. ஆனால் அதில் திரைப் பகுதிக்கும் முகவரி மாற்றும் வசதி வந்துவிட்டதால், சிஎம்ஏ நெருக்கடியைக் காட்டிப் பாடம் நடத்த எனக்கு 4-தான் ஏற்றது.

4 ஜிபி பலகையின் அறிவிப்பு விலை வெளியானபோது 55 டாலர். 2 ஜிபி கற்பதற்குப் போதும். இரண்டு 4கே திரை மாட்டும் எண்ணம் இருந்தால் 4 ஜிபி வாங்குங்கள். கூடவே ஒரு சீரியல் கேபிளையும் வாங்கிக்கொள்ளுங்கள். 3.3 வோல்ட் வகையாக இருக்கவேண்டும். 5 வோல்ட் கேபிள் பலகையைக் கெடுத்துவிடும். திரை டிரைவரில் கை வைத்து அது விழுந்தால் முதலில் கறுப்பது திரைதான். கெர்னல் என்ன சொல்லிவிட்டு நின்றது என்பதை ஜிபிஐஓ 14, 15 முனைகளில் மாட்டிய அந்தக் கேபிள் வழியாகத்தான் படிக்கமுடியும்.