முதிரை அலுமாரிக்குள் ஓர் ஆர்க்கேட்: லாச்சி பற்றிய முறைப்பாடு

முல்லைத்தீவிலுள்ள நண்பர் ஒருவர், தம் பாட்டனார் காலத்து எழுதுமேசையை ஆர்க்கேட் விளையாட்டுப் பெட்டியாக மாற்றலாமா என்று கேட்டிருந்தார். அதே கிழமையில் என்னுடைய பெட்டியும் திருத்தவேலை முடிந்து வந்திருந்தபடியால், அவருக்கு எழுதிய விடையைச் சற்று விரித்து எழுதுகிறேன். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில், பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை மென்பொருளை ஏற்றுவது எப்படி, பொத்தான்களின் வயர்களை எங்கே சொருகுவது என்பவற்றை அறிந்தவர்களுக்கே இது பயன்படும். என் முறைப்பாடு முழுவதும் ஒரு லாச்சியைப் பற்றியது.

இடப்பெயர்வுகளில் கூரை ஓடுகளும் கதவு நிலைகளும்கூட மிஞ்சாத கிளிநொச்சியில், ஒரு வீட்டில் பழைய தளபாடம் இருந்தால் அது பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து வந்ததாகவே இருக்கும். என்னுடையது வவுனியாவில் பெரியம்மா வீட்டில் இருந்த முதிரை அலுமாரி. மேலே இரண்டு கதவுகள், இடுப்பளவு உயரத்தில் அகலமான ஒரு லாச்சி, அதன் கீழே மீண்டும் தட்டு. மேல் தட்டில் திரையையும் லாச்சிக்குள் ஜோய்ஸ்டிக்கையும் பொத்தான்களையும் வைத்துவிட்டால், லாச்சியை இழுத்து விளையாடலாம். முடிந்ததும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால், வீட்டுக்கு வருபவர் அதற்குள் துணிமணி இருப்பதாகவே நினைப்பார். பழைய மரத்தில் ஓர் ஓட்டையும் போடாமல், லாச்சிக்குள் தனியாக ஒரு பிளைவூட் பலகையை இறக்கி அதிலேயே எல்லாவற்றையும் பூட்டினேன். இந்த ஏற்பாட்டை இன்றும் குறைசொல்ல மனம் வரவில்லை.

திரையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அலுவலகங்களில் கழித்துவிடும் ஏறக்குறையச் சதுரமான 17 அங்குலத் திரையை நெட்டாக நிமிர்த்தி வைத்திருக்கிறேன். 1980 இல் வந்த பக்மானும், 1981 இன் கலாகாவும் டொங்கி கொங்கும் ஆகிய ஆர்க்கேட் விளையாட்டுகள் நெட்டுத் திரைக்கென்றே செய்யப்பட்டவை. இந்தத் திரையில் இரு ஓரங்களிலும் மெல்லிய கறுப்புக் கீற்று மட்டுமே மிஞ்சுகிறது. ஆனால் அப்படிப்பட்ட மலிவான பழைய திரைகள் பல, நிமிர்த்தி வைத்ததும் இடக் கண்ணுக்கு ஒரு நிறமும் வலக் கண்ணுக்கு இன்னொரு நிறமும் காட்டும். வாங்கும்போதே பக்கவாட்டில் நின்று பார்த்து, நிறம் மாறாத திரையைத் தேடி எடுக்க வேண்டும். ஒலியோ நான் எதிர்பாராதது. கனத்த முதிரைப் பலகைகளுக்கு நடுவே சின்ன ஸ்பீக்கர்கூட நெஞ்சு நிறைந்த குரலில் பேசுகிறது.

இனி லாச்சி. மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்கேதான் விரியும். லாச்சியின் முகப்பிலும் பக்கப் பலகைகளிலும் நார் கிடையாக ஓடுவதால், விரிவு முழுவதும் உயரத்தில் வந்து சேர்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கிச் சில நாட்களில் லாச்சி மேற்சட்டத்தை முட்டத் தொடங்கும். கார்த்திகையில் இரண்டு கைகளாலும் பிடியைப் பற்றிக் காலை அலுமாரியில் ஊன்றி இழுக்க வேண்டியிருக்கும். திறந்துவிட்டாலோ அதைப்போல உறுதியான விளையாட்டுத் தளம் வேறில்லை. சோளகம் வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். மரம் வற்றிச் சுருங்கி, ஒரு விரலால் தொட்டாலே லாச்சி ஓடிவரும், ஓடியும் போகும். டொங்கி கொங்கில் ஏணி ஏறுவதற்கு ஜோய்ஸ்டிக்கை மேல்நோக்கித் தள்ள வேண்டும் அல்லவா? தள்ளினால் மரியோ ஏறுகிறாரோ இல்லையோ, லாச்சி அலுமாரிக்குள் போகிறது. அதை வயிற்றால் தடுத்துக்கொண்டு விளையாடுபவரைப் பார்த்து வீட்டில் சிரிக்காதவர் இல்லை.

போன மாரியில் இறுகிய லாச்சியை வெடுக்கென்று இழுத்ததில், பொத்தான் பலகையிலிருந்து கணினிக்குப் போகும் யூஎஸ்பி வயர் அறுந்தது. வயரை மாற்றுவது சிறு வேலை. புதியதை நீளமாக வாங்கி, லாச்சியின் பின்னால் ஒரு தொய்வு விட்டுக் கட்டியிருக்கிறேன். மரவேலைதான் வினையாயிற்று. முதலில் கேட்ட தச்சர், இப்போது தொட மாட்டேன் என்று மறுத்தார். “மாரியில சீவினா கோடையில கூத்தாடும், தம்பி. தை முடிய வாங்கோ, பாப்பம்.” எனக்குப் பொறுமை இருந்தாலும் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. இன்னொருவர் மறுநாளே வந்து, கார்த்திகை ஈரத்திலேயே மேல்விளிம்பை இழைத்துத் தள்ளிவிட்டுக் காசோடு போனார். அதன் பலனாக, சோளகம் தொடங்கியதும் லாச்சிக்கு மேலே விரல்நுனி நுழையும் இடைவெளி விழுந்து, அதனூடாகச் செம்மண் தூசி பொத்தான்களுக்குள் இறங்கியது. இம்முறை முதலாமவர்தான் இடைவெளிக்கு மெல்லிய முதிரைச் சட்டம் ஒட்டி, ஓடுபாதையில் மெழுகு தேய்த்து, லாச்சி உள்ளே ஓடாதபடி அடியில் ஒரு கொண்டியும் வைத்துத் தந்திருக்கிறார். ஐப்பசி வந்தால்தான் வேலையின் தரம் தெரியும்.

கடையில் விற்கும் இரும்புச் சறுக்குச் சட்டத்தைப் பூட்டினால் எல்லாம் தீருமே என்பீர்கள். அவ்வகைச் சட்டத்துக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் இடம் வேண்டும்; அதற்காக ஆணியே இல்லாமல் மூலை கோத்த லாச்சியை உடைத்து ஒடுக்க வேண்டும். அதற்கு நான் உடன்படமாட்டேன்.

வெப்பமும் மின்சாரமும் இதைவிடச் சிறிய தொல்லைகள். ராஸ்பெரி பை 4 ஆனது 80 பாகை செல்சியஸில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; சித்திரை வெயிலில் மூடிய அலுமாரிக்குள் அது வெகு தொலைவில் இல்லை. பின்பலகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிய விசிறி ஒன்றைப் பூட்டினால் போதும். திடீரென மின் போனால் மெமரி கார்ட் பழுதாகலாம். 2022 இன் மின்வெட்டுகளை அனுபவித்த எவருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கும்படி சொல்லத் தேவையில்லை.

நண்பருக்கு என் விடை இதுதான்: செய்ய வேண்டாம். படமும் ஒலியும் அழகும் மேலே சொன்னபடியே உண்மை. ஆயினும் விளையாட்டுப் பெட்டி வேண்டுமானால் புதிய பிளைவூட்டில் ஒன்றை அடித்துக்கொண்டு, பாட்டனாரின் மேசையை எழுதுவதற்கே விட்டுவிடுங்கள். உங்கள் மேசையில் மூன்று லாச்சிகள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எனவே மூன்று தடவை வேண்டாம் என்கிறேன். ஒருவேளை அந்த மேசையை விற்கும் எண்ணம் வந்தால், வேறு யாரிடமும் விலை பேசுவதற்கு முன் எனக்கு அறிவியுங்கள்.