தினசரி தொற்றா, ஆக்ஸிஜன் படுக்கையா: எதைப் பார்ப்பது?

2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் மேல் கொரோனா தொற்று. 2022 ஜனவரி ஒமைக்ரான் அலையிலும் 30,000-ஐத் தாண்டியது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் 2021-ல் சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன, உள்ளே படுக்கை காலியாகும்வரை நோயாளிகள் வண்டியிலேயே ஆக்ஸிஜனோடு காத்துக் கிடந்தார்கள். ஒமைக்ரானில் பெரும்பாலோர் வீட்டிலேயே தேறினார்கள்.

தொற்று எண்ணிக்கை பரிசோதனையைப் பொறுத்தது. சோதனை குறைந்தால் அதுவும் குறையும், வீட்டிலேயே கிட் வைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் கணக்கிலேயே வரமாட்டார். எத்தனை ஆக்ஸிஜன் படுக்கை நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு அவ்வளவு ஏமாற்றாது. சரி, அதிலும் குறை உண்டு, தொற்று ஏறிச் சில நாள் கழித்துத்தான் அது ஏறும். அலை கிளம்புவதை முன்கூட்டியே அறியத் தொற்றின் ஏழு நாள் சராசரி போதும். எவ்வளவு பயப்படுவது என்பதற்கு நான் படுக்கையைத்தான் பார்ப்பேன்.