குளோர்ஹெக்சிடின் 0.2% மவுத்வாஷ்: ஈறுக்குச் சரி, அசதிக்கு?

ஈறு வீங்கியிருக்கு என்றால் சென்னை தண்டையார்பேட்டை, ராயபுரம் மெடிக்கல்களில் பெரும்பாலும் கிருமியைக் கொல்லும் இந்த மவுத்வாஷைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஈறுக்கு நல்ல மருந்துதான். 10 மி.லி. ஊற்றி, 30 முதல் 60 விநாடி கொப்பளித்துத் துப்ப வேண்டும். காலை, இரவு இரண்டு வேளை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இந்த மருந்தை முடக்கிவிடும். பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளியுங்கள். கொப்பளித்த கையோடு டீ குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். நாக்குக்கும் சில நாள் உப்பு சரியாகத் தெரியாது.

டாக்டர் சொல்லாமல் 2 வாரத்தைத் தாண்டாதீர்கள். கீரை, பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். ரத்தக் குழாய் தளர உதவுவது அந்த நைட்ரைட்தான்; அது குறைவதால் சிலருக்கு ரத்த அழுத்தம் லேசாக ஏறலாம்.

வாய்க் கிருமி போனால் உடம்பு அசதியும் போய்விடும் என்று வாங்குகிறீர்களா? ரத்தம் கசியும் ஈறு வழியாக போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் கலக்கும், நிஜம்தான். ஆனால் 6 மாதமாக நீடித்து, சின்ன வேலைக்கே மறுநாள் படுக்கையில் தள்ளும் நாட்பட்ட சோர்வு நோய்க்கு அதுதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. பல்லில் காரை இறுகியிருந்தால் இந்தத் திரவம் கரைக்காது. கோட்டை ஸ்டேஷன் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்துகொள்வதுதான் வழி.