கோணேசர் ஃபோல்டர் மட்டும் ஏன் ஒவ்வொரு இரவும் திரும்ப ஏறுது?

"மச்சான், பேக்கப்புக்கு ஆர்சிங்க் போதுமா, இல்லாட்டி காசு குடுத்து ஏதும் வாங்கவேணுமா?" என்று கேட்டவருக்கு: போதும். ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை நகலெடுக்கிற இலவச மென்பொருள் அது. ஆனால் ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கிற ஆள் என்றால் கொஞ்சம் பொறுங்கோ.

இந்தப் பக்கம் லினக்ஸ், ஈஎக்ஸ்டி4 வடிவ டிஸ்க். அந்தப் பக்கம் பழைய மாக், ஹெச்எஃப்எஸ் பிளஸ் வடிவ டிஸ்க். இங்கே இல்லாததை அங்கே அழிக்கிற டிலீட் ஒப்ஷனோடு ஆர்சிங்க் இரவில் ஓடுது. நிலாவெளி, மூதூர், கிண்ணியா ஃபோல்டர்கள் ஒருதரம் போனதோடு சரி. கோணேசர் தேர்ப் படங்களும் தோப்பூர்க் கல்யாண வீடியோவும் மட்டும் ஒவ்வொரு முறையும் அழிந்து, முதலில் இருந்து ஏறும். 40 ஜிபி என்றால் 100 மெகாபிட் லைனில் ஒரு மணித்தியாலம் வீண்.

எல்லாம் ஓகாரத்தால் வந்த வினை. ஈஎக்ஸ்டி4 பெயரை வந்த பைட்டுகளாகவே வைக்கும். ஹெச்எஃப்எஸ் பிளஸ் 'கோ'வை க, இரட்டைக் கொம்பு, அரவு என்று பிரித்துத்தான் எழுதும். 'திருகோணமலை' இங்கே 30 பைட், அங்கே 33. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆர்சிங்க் பார்ப்பது பைட்டை: 33 பைட் பெயர் பட்டியலில் இல்லை என்று அழிக்கும், பிறகு 30 பைட் பெயரைக் காணோம் என்று அனுப்பும். ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதி. இங்கிலீஷில் பெயர் வைக்கிறவருக்கு இந்தத் தலையிடியே இல்லை, அதுதான் எரிச்சல்.

லினக்ஸில் இருந்து அனுப்பும்போது, பெயரின் எழுத்துமுறையை மாற்றித்தரும் --ஐகான்வ்=யூடிஎஃப்-8,யூடிஎஃப்-8-மாக் என்று சேருங்கோ. முதலாவது எங்கட பக்கம், அடுத்தது எதிர்ப்பக்கம். மாறிப் போட்டால் லினக்ஸ் அப்படியொரு எழுத்துமுறை தெரியாது என்று நின்றுவிடும். மாக்கோடு வந்த பழைய ஆர்சிங்க் 2.6.9இல் இந்த ஒப்ஷனே இல்லை. மாக்கில் 3.0க்குப் பிந்தியதைப் போட்டு, அது இருக்கிற இடத்தை --ஆர்சிங்க்-பாத்தில் காட்டவேணும். காட்டாவிட்டால் பழையதுதான் எழும்பி வரும். முதலில் -என், -ஐ இரண்டு ஒப்ஷனையும் போட்டு, ஒன்றும் அனுப்பாமல் ஒத்திகை பாருங்கோ. 'டிலீட்டிங்' வரியில் கோணேசர் இன்னும் நின்றால் சரிவரவில்லை.

மாக்கில் இருந்து ஏற்கெனவே லினக்ஸுக்கு வந்துசேர்ந்த உடைந்த பெயர்களுக்கு கன்வ்எம்வி என்ற பெயர் மாற்றும் கருவி, --என்எஃப்சி ஒப்ஷனோடு. --நோடெஸ்ட் போடும்வரை அது மாற்றாது, காட்டும் மட்டும்.

மற்றபடி குறை இல்லை. பாதியில் கரண்ட் போனாலும் முழுதாகப் போன கோப்பைத் திரும்பத் தொடாது. என்ர புள்ளி ஐந்துக்கு மூன்று. பிழை டிஸ்கில்தான், ஆர்சிங்கில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த இரண்டைத் தர மனமில்லை.