ரத்தக்குழாய்த் தசைக்கு இரண்டு கட்டளைகள்: பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா

ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைச்செல்லின் வேலை சுருங்குவதும் தளர்வதும். அதை மறக்கடிப்பது பிடிஜிஎஃப் (PDGF) என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம். தட்டணுக்கள் கசியவிடும் ஏதோ ஒன்று இந்தச் செல்களைப் பெருக்குகிறது என்று 1974-இல் ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸின் குழு காட்டியது, அந்த ஒன்றுதான் பிடிஜிஎஃப். அதன் தூண்டலால், செல்லுக்குள் எல்க்-1 என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறும். உடனே அது, மரபணுக்களை இயக்கும் எஸ்ஆர்எஃப் புரதத்தின் மேல் உட்கார்ந்து, சுருங்குவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும் மயோகார்டின் என்ற துணைப் புரதத்தைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். அந்த மரபணுக்களை அடக்கும் கேஎல்எஃப்4 புரதமும் கூடும். சுருங்குவதற்கான ஆக்டின், மயோசின் மரபணுக்கள் அடங்கிப்போக, செல் பெருகி நகரத் தொடங்கும். ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்த இடம் மறுபடி அடைபடுவதில் இதற்கும் பங்குண்டு. ஆனாலும் காயம் ஆற இது வேண்டும்.

டிஜிஎஃப்-பீட்டா (TGF-β) என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி பெரும்பாலும் எதிர்த்திசை: செல்லின் கருவுக்குச் செய்தி கொண்டுபோகும் ஸ்மாட் புரதங்கள் வழியே அதே மரபணுக்களை முடுக்கிவிடும். நல்லபிள்ளை என்று முழுசாக நம்ப முடியாது. கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் குவித்துச் சுவரை விறைப்பாக்கவும் செய்யும்.